ராமநகரத்தில் பெரியப்பா தேடிய ஊர்

“ஊர் எங்கேம்மா?” என்று பெரியப்பா கேட்டபோது நாங்கள் ராமதேவர பெட்டாவின் படிகளில் பாதிக்கு மேல் ஏறியிருந்தோம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பாறைகள். யாரோ கூடையில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், இடுக்குகளில் முட்புதர், அதற்கப்பால் தொலைவில் வெயில் பட்டு மின்னும் வண்டிகள். “எந்த ஊர் பெரியப்பா?” என்றேன். “ராம்கட்” என்றார். “டாக்கூர் வீடு, தண்ணீர்த் தொட்டி, மசூதி, கோயில், குதிரைவண்டி போகிற தெரு. அதெல்லாம் எந்தப் பக்கம்?” ஆரணியில் தன் தெருவின் வீடுகளை வரிசையாகச் சொல்வதுபோல் சொன்னார்.

அது ஷோலே என்ற இந்திப் படத்துக்காகப் போட்ட செட் என்றும், படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். “அது தெரியும்” என்றார், கொஞ்சம் எரிச்சலோடு. தெரிந்தவர் ஏன் கேட்டார் என்பதுதான் இத்தனை வாரமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு 74 வயது. ஆரணியில் ஒரு பட்டு நூல் கடையில் 38 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். பத்துப் பைசா இடித்தாலும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்து தேடுகிற ஆள். சினிமாவில் வருவது நிஜமில்லை என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷோலே வெளிவந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2025 ஆகஸ்டில் தொலைக்காட்சிகளில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு இத்தாலியின் போலோன்யா நகரில் புதுப்பித்த பிரதியைத் திரையிட்டதும், நெருக்கடிநிலைக் காலத்துத் தணிக்கையால் மாற்றப்பட்ட பழைய முடிவு, அதாவது கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை டாக்கூரே கொன்றுவிடும் முடிவு, அந்தப் பிரதியில் திரும்பி வந்திருப்பதும் ஆரணிவரை எட்டிவிட்டன. ஒரு நாள் காலை தொலைபேசி. “அந்த மலை உங்கள் பெங்களூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாமே? ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?” எனக்குக் காதை நம்ப முடியவில்லை. நான் அல்சூரில் குடியேறி 22 ஆண்டுகள் ஆகின்றன. பெரியப்பா இதுவரை வந்தது இரண்டே முறை. ஒன்று, வீட்டுக் கிரகப்பிரவேசம். இன்னொன்று, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. இரண்டு முறையும் அன்று இரவே பஸ் ஏறிவிட்டார். “இரண்டு நாள் இருந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று நான் கெஞ்சியபோதெல்லாம், “சும்மா ஊர் சுற்ற நான் என்ன சின்னப் பையனா?” என்றவர்.

அவருக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவு எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய வேடிக்கை. 1965-இல் பள்ளிக்கூடத்துப் பையனாக, ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்துக்குத் தார் பூசிய கூட்டத்தில் தானும் இருந்ததாகப் பெருமையாகச் சொல்வார். (தார்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் இவர் வேலை என்பது பெரியம்மாவின் திருத்தம்.) பத்தாண்டு கழித்து, சேலை மூட்டையோடு சென்னைக்குப் போன இடத்தில், மவுண்ட் ரோடில் ஒரு தியேட்டருக்குள் நுழைந்து, ஒரு சொல்லும் புரியாத படத்தை மூன்றேகால் மணி நேரம் பார்த்தார். பிறகு இரண்டு முறை அதற்காகவே வேலை உண்டாக்கிக்கொண்டு சென்னை போனார். 70 எம்.எம். திரையும் நாலாபக்கமிருந்து வரும் ஒலியும் அவருக்குப் புதிது. சுண்டிவிட்ட நாணயம் தன் காலடியில் விழுந்ததென்று குனிந்து பார்த்தாராம். இந்தியா முழுக்க எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெரியப்பாக்கள் இதே நாணயத்துக்காகக் குனிந்திருக்கிறார்கள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவர் சொல்லும்போது நம்பத்தான் தோன்றும். அந்தப் படத்தின் வசனங்களை மட்டும் தனி இசைத்தட்டாகப் பாலிடோர் நிறுவனம் வெளியிட்டது. அது கேசட்டாகவும் வந்து, எங்கள் சிறு வயதில் பொங்கலுக்குப் பொங்கல் ஒலித்தது. கப்பர் எத்தனை பேர் என்று கேட்கும் இடம் வந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. பேசினால் பெரியப்பாவின் முறைப்பு கப்பரின் முறைப்பைவிடக் கொடியது.

நான் ஏற்கெனவே சிரித்தவள்

இந்தப் பயணத்துக்கு முன்பே எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. சினிமாவில் பார்த்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள் அப்பாவிகள், அவ்வளவுதான். 2024-இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் படம் வந்த கையோடு பெங்களூரிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பாத ஆள் இல்லை. எங்கள் அடுக்ககத்திலேயே நான்கு குடும்பங்கள். தொணதொணப்புத் தாங்காமல் மகனை அழைத்துக்கொண்டு நானும் போனேன். குணா குகையில் நாங்கள் பார்த்தது மரங்களின் பின்னிய வேர்களையும், கம்பிவேலியையும், அந்த வேலியின் முன் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு நின்ற கூட்டத்தையும்தான். குகைக்குள் யாரையும் விடுவதில்லை. விடாததற்குக் காரணமே அந்தப் படம் சொன்ன 2006-ஆம் ஆண்டு விபத்து போன்றவைதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் குழி கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட். ஆக, 400 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் பயணம் செய்து, அடைத்து வைத்த ஒரு வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த இடத்துக்குப் பழைய ஆங்கிலப் பெயர் பிசாசின் சமையலறை என்று பொருள்படுவது. 1991-இல் குணா படம் வந்தபின் அந்தப் பெயர் மக்கள் வாயில் நிலைக்கவில்லை. ஒரு படம் பெயர் வைத்தது, இன்னொரு படம் கூட்டம் சேர்த்தது. 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னதற்கு ஒரு படம் மட்டும் காரணமில்லை, மலை தாங்காத வண்டிகள் காரணம். ஆனால் அந்த வண்டிகளில் ஒன்று என்னுடையது. திரும்பி வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘வேலியைத் தரிசித்தோம்’ என்று ஒரு கிண்டல் எழுதிப்போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு பாறை, ஒரு கப்பர்

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். புதிய விரைவுச் சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். பெரியப்பாவுக்காகப் பழைய சாலையில் இறங்கி, பிடதியில் தட்டு இட்லிக்கு நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டின் பாதியை அடைத்துக்கொண்டு வந்த இட்லியின் மேல் வெண்ணெய் உருண்டை உருகிக்கொண்டிருந்தது. “இது இட்லியா, தலையணையா?” என்றார். இரண்டு சாப்பிட்டார்.

ராமநகரம் பெங்களூரிலிருந்து 50 கிலோமீட்டர். 1973 அக்டோபர் 3 அன்று அங்கே படப்பிடிப்பு தொடங்கி ஆண்டுக் கணக்கில் நீண்டது. பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தையே எழுப்பினார்கள், அந்த இடத்துக்குச் சாமான் கொண்டுபோக நெடுஞ்சாலையிலிருந்து பாதை போட்டார்கள். ஊரின் ஒரு பகுதியை இயக்குநர் பெயரால் சிப்பி நகர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராமநகரத்துக்கு இப்படிப் பெயர் மாறுவது புதிதல்ல. பாரி குளோஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயரால் ஒரு காலத்தில் குளோஸ்பேட்டை. அந்தப் பெயர் இன்று பாறைக்கு மட்டும் மிச்சம்: 250 கோடி ஆண்டுப் பழமை கொண்ட இந்தக் கருங்கல்லை நிலவியல்காரர்கள் குளோஸ்பேட்டை கிரானைட் என்கிறார்கள். 2025-இல் மாவட்டத்தின் பெயரையும் பெங்களூரு தெற்கு என்று மாற்றிவிட்டார்கள். மனை விலை ஏறுவதற்குப் பெயரைவிடச் சுலபமான வழி இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு பையன் ஒட்டிக்கொண்டான். பதினாறு வயதிருக்கும். கன்னடம், இந்தி, கொஞ்சம் தமிழ் கலந்து, கப்பர் உட்கார்ந்த பாறையைக் காட்டுவதாகச் சொன்னான். காட்டவும் செய்தான். பெரியப்பா அதைச் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கி, வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து, “இது இல்லை” என்றார். பையன் சற்றும் அசராமல் இன்னொரு பாறையைக் காட்டினான். படம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். டிவியில் கொஞ்சம் பார்த்திருப்பதாகவும், பாதியில் தூங்கிவிட்டதாகவும் சொன்னான். என் மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியப்பா சிரிக்கவில்லை. “ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் சொல்கிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலிலும் அதையேதான் சொல்கிறார்கள். நான் இரண்டு இடத்திலும் கும்பிட்டிருக்கிறேன்” என்றவர், பையனிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து, இரண்டாவது பாறைக்கும் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் படியேற்றமும், ஊர் எங்கே என்ற கேள்வியும். மேலே ராமர் கோயிலும் தீர்த்தமும் இருக்கின்றன, ராமர் வந்து தங்கியதாக ஐதீகம். முழங்கால் ஒத்துழைக்காததால் பெரியப்பா அதுவரை ஏறவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரோடு நானும் உட்கார்ந்து, என்னால் முடிந்த ஆறுதலாக, அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள சாவனதுர்கா மலையில் டேவிட் லீன் என்ற பெரிய ஆங்கில இயக்குநர் 1984-இல் வந்த தன் படத்துக்காக, கதையில் பீகாரில் இருப்பதாக வரும் குகைகளை எடுத்த கதையைச் சொன்னேன். ஆஸ்கார் வாங்கிய படம் அது. அதைத் தேடி ஒருவரும் வருவதில்லையே என்று நானே வியந்துகொண்டேன். “அதில் கப்பர் இல்லையே” என்றார் பெரியப்பா.

செட்டை விட்டுவைத்திருந்தால் என்ன என்று அவருக்கு ஆதங்கம். விட்டுவைத்த ஊர்களும் உண்டு. நியூசிலாந்தில் மாட்டமாட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்காகக் குள்ளமனிதர்களின் கிராமத்தை முதலில் தற்காலிகமாகத்தான் போட்டார்கள். அடுத்த வரிசைப் படங்களுக்காகத் திரும்ப வந்தபோது நிலையாகவே கட்டிவிட்டார்கள். இன்று உலகமெங்குமிருந்து வந்து அந்த வட்டக் கதவுகளின் முன் நிற்கிறார்கள். கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் வெறும் மண்மேடு. அதைப் பற்றி யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை. லடாக்கின் ஷே கிராமத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 3 இடியட்ஸ் படத்தில் வந்த பள்ளிக்கூடத்தில் ஒரு சுவரைப் பார்க்க ஆட்கள் வந்து குவிந்தார்கள். பிள்ளைகளால் பாடம் படிக்க முடியவில்லை, கடைசியில் 2018-இல் அந்தச் சுவரே வேண்டாம் என்று பள்ளிக்கூடம் முடிவெடுத்தது. எனக்கு அந்தத் தலைமையாசிரியரின் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஆசை. ஜன்னலுக்கு வெளியே, சுவரைக் காட்டு என்று கேட்கும் நூறு பேர், உள்ளே, வாய்ப்பாடு. தாய்லாந்தின் மாயா பே கடற்கரைக்கு வந்த கதி இன்னும் மோசம். 2000-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்குப் பிறகு படகுகள் மொய்த்துப் பவளப்பாறை பாழாயிற்று. 2018 ஜூனில் நாலு மாதத்துக்கென்று மூடியவர்கள் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள்.

ராமநகரத்திலும் ஷோலே கிராமத்தைத் திரும்ப உருவாக்கும் பேச்சு, முப்பரிமாணக் காட்சியாகவாவது கொண்டுவரும் பேச்சு எழுந்ததுண்டு. நடக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, காரணம் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் அந்தப் பறவைகளுக்கென்றே 2012-இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் சரணாலயம் இந்த மலைதான். கருங்கழுத்துப் பாறுகள் இந்தச் செங்குத்துப் பாறை விளிம்புகளில்தான் கூடு வைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுவதும் அவற்றை ஏறக்குறைய துடைத்துவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தபோது பறக்க மிச்சமிருந்தவை மிகக் கொஞ்சம். இதைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். உச்சிவேளையில் மலைமேல் பொங்கல் வைத்துக் காத்திருக்க, காசியிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் இரண்டு கழுகுகள் வந்து கொத்திவிட்டுப் பறந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். “இப்போது வருவதில்லையாம்” என்றார். “பாவம் பெருகிவிட்டது, அதனால் வரவில்லை என்று பெரியம்மா சொல்வாள். மாட்டு மருந்தா காரணம்?” அரை மணி நேரம் வானத்தைப் பார்த்தோம். உயரத்தில் வட்டமிட்ட ஒன்றை மகன் காட்டினான். வனக்காவலர் பார்த்துவிட்டு, அது பருந்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டிட்டா

இறங்கி வந்தபோது மூவருக்கும் மனம் கொஞ்சம் சப்பென்று இருந்தது. காப்பி குடிக்கலாம் என்று ஊருக்குள் வண்டியை விட்டேன். ஒரு தெருவில் திரும்பியதும் காருக்குள் ஒரு நாற்றம் ஏறியது, எண்ணெயும் மீனும் கெட்டுப்போய் வெந்நீரில் கொதிப்பதுபோல. மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை ஏற்றினான். பெரியப்பா தன் பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கினார். “வண்டியை நிறுத்தம்மா.”

டீக்கடையில் வெறும் கோணிகளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக்காரர், நம் தமிழ்தான், ஓரத்தில் தெலுங்கும் கன்னடமும் ஒட்டிய தமிழ். விடிவதற்கு முன்பே கிளம்பி, விற்பதற்குப் பட்டுப்புழுக் கூடு கொண்டுவந்திருக்கிறார். ஓசூரிலும் தருமபுரியிலும் அங்காடி இருக்கையில் இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டேன். “வாங்குகிறவர்கள் இங்கேதானே அதிகம். ராம்நகர் மார்க்கெட் என்றால் விலை நிற்கும்” என்றார். பெரியப்பாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. “இதுதானா ராம்நகர்?”

அவருடைய பேரேட்டில் 38 ஆண்டுகள் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ராம்நகர், சித்லகட்டா, கொள்ளேகால் என்று நூல் வந்த ஊர்வாரியாகப் பத்தி பிரித்து எழுதுவாராம். ஆரணிச் சேலைக்கும் காஞ்சிபுரத்துச் சேலைக்கும் பாவும் ஊடையும் ஆகும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவதுதான். பெங்களூரில் தரகர், அங்கிருந்து லாரி பார்சல், கடையில் இவர் கையெழுத்து. அந்தப் பெயர் அவருக்கு ஓர் ஊராக இல்லாமல் ஒரு சரக்காக இருந்திருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் ராமநகரா என்றார்கள், நான் ராமதேவர பெட்டா என்றேன், அவர் மனத்தில் இருந்தது ராம்கட். மூன்றும் ராம்நகரில் வந்து இடிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

தளிக்காரரே எங்களை அங்காடிக்குள் அழைத்துப் போனார். நீண்ட கூடம், வரிசை வரிசையாகத் தட்டுகள், தட்டு நிறையக் கூடுகள். வெண்கூடு ஒரு பக்கம், மஞ்சள் கூடு ஒரு பக்கம். நூல் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு தட்டிலும் முழங்கைவரை கையை விட்டு, அள்ளி, வழியவிட்டு, நசுக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். விலையை இப்போது வாயால் கேட்பதில்லை, கைப்பேசியில் தட்டுகிறார்கள். அதனால் அத்தனை பேர் நிற்கும் கூடத்தில் சந்தைக் கூச்சல் இல்லை, கூடுகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்புதான் கேட்டது. பெரியப்பா ஒரு வெண்கூட்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்தினார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். மகனையும் ஆட்டச் சொன்னார். உள்ளே புழு உருமாறிக் கிடக்கும் கட்டை, கிலுகிலுப்பை மணிபோல் மெல்லத் தட்டுகிறது. “ரெண்டிட்டா என்ன வருகிறது?” என்று தளிக்காரரைக் கேட்டார். ஒரு கிலோ நூல் எடுக்க எத்தனை கிலோ கூடு என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். “வெண்கூட்டுக்கு ஆறரை, ஏழு என்கிறார்கள். நாங்கள் கூட்டோடு சரி ஐயா, நூல் கணக்கு அவர்கள் பாடு” என்றார் அவர். அதன் பிறகு அரை மணி நேரம் பெரியப்பா எங்களோடு இல்லை. எந்தத் தட்டு முன்னால் நிற்கிறார் என்று தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாஷை தெரியாத ஆட்களோடு விரல்களாலேயே பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தளிக்காரர் ஒரு கூட்டை அவர் சட்டைப்பையில் போட்டார்.

திரும்பும் வழியில், பிடதி தாண்டும்வரை, காரில் யாரும் பேசவில்லை. அப்புறம் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்: “அந்த ஊர்க்காரர்கள் கப்பருக்குத் தானிய மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தார்களே. அந்தப் பாறையில் எங்கே விளைந்திருக்கும் அந்தத் தானியம்?” ஐம்பது ஆண்டுகளாக மூட்டைகளை எண்ணாமல் விட்ட கணக்கப்பிள்ளை அன்றுதான் எண்ணத் தொடங்கினார்.

சும்மா போவதற்கு ஒரு சாக்கு

இந்த இடத்தில் நான் எழுத நினைத்தது சுலபமான ஒன்று. சினிமா காட்டியது பொய், அங்காடி நிஜம், போனோம், நிஜத்தைக் கண்டோம். முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், படித்துப் பார்த்தபோது எனக்கே பிடிக்கவில்லை. அந்த அங்காடியைப் பார்க்க வாருங்கள் என்று நான் அழைத்திருந்தால் பெரியப்பா வந்திருப்பாரா? நூல் வந்த ஊர் அது என்று தெரிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். வேலையை முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர் யார்? நம் பெரியவர்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மூன்று காரணங்கள்தான் செல்லும்: கல்யாணம், சாவு, கோயில். நான்காவதாக ஒன்றைச் சொன்னால் ஊர் கேலி செய்யும் என்ற கூச்சம். அந்த நான்காவது காரணத்தை அவருக்கு ஒரு கொள்ளைக்காரன் கொடுத்தான். 74 வயதில், முழங்கால் வலியோடு, சும்மா.

அவர் திருப்புட்குழியைச் சொன்னபோது நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஸ்தல புராணத்துக்குப் பழகிய மனம் இரண்டு பாறைக்கும் கும்பிடு போடும், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. ராமர் தங்கிய அதே பாறையில் கப்பரும் உட்கார்ந்தான் என்பதில் அவருக்கு முரண்பாடே தெரியவில்லை. ஊர் எங்கே என்று கேட்டதும் அந்த மனம்தான். ஐம்பது ஆண்டுகளாகக் கதை கேட்ட மனிதர், கதை நடந்த தெருவைக் காட்டு என்றார். நான் தகவல் சொன்னேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. திருப்புட்குழியின் கதையைச் சொல்வது திருப்புட்குழிக்காரர். அர்ச்சகர் சொல்வார், பூக்காரம்மா சொல்வாள், கேட்டு வளர்ந்த பிள்ளை சொல்லும். ராமநகரத்துக் கதையை எழுதியது மும்பையில், பேசுவது இந்தியில், நம்புவது ஆரணியில். அங்கேயே பிறந்த பையனோ படத்தின் பாதியில் தூங்கிவிட்டான். தன் ஊரைப் பற்றி வெளியாட்கள் சொல்லும் கதையை மனப்பாடம் செய்து வெளியாட்களுக்கே ஐம்பது ரூபாய்க்கு ஒப்பிக்கிறான். அவன் வீட்டில் யாராவது நூல் எடுக்கிறார்களா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவனும், கூட்டு மார்க்கெட்டைப் பார்க்கிறீர்களா என்று எங்களைக் கேட்கவில்லை. காலையில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் ஊர் எல்லைக்கு வெளியே இருந்த விஷயங்கள்.

தீபாவளிக்கு ஆரணி போனேன். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, பெரியப்பா கைப்பேசியில் இரண்டாவது பாறையின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். “இங்கேதான் அவன் உட்கார்ந்திருந்தான். இதோ, இந்தப் பக்கம் இறங்கினால் டாக்கூர் வீடு” என்று படத்துக்கு வெளியே, திண்ணைத் தூணைத் தாண்டி விரலை நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அங்காடியைப் பற்றி அவர்களிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உள்ளே போனதும் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பூஜை அலமாரியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் அந்த வெண்கூடு, ஒரு முனையில் பழுப்பாக ஓட்டை. பக்கத்தில் செத்த பூச்சி ஒன்று. “பட்டுக்கடையில் காலம் தள்ளிய மனுஷன், வெயிலில் போட்டு எடுக்க வேண்டும் என்று தெரியாதா? பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இதில் இனி ஒரு இழை இழுக்க முடியுமா? தூக்கிப் போடு என்றால் போட மாட்டேன் என்கிறார்” என்றாள். எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.